எழுதியாச்சா என்று கேட்டவர்

எங்கள் மாடிவீட்டு மாமா யாரையும் சௌக்கியமா என்று கேட்டதில்லை. குழந்தை பிறந்த வீடானாலும் சரி, இழவு விழுந்த வீடானாலும் சரி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எழுதியாச்சா?" என்பார். முதல்முறை கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். இரண்டாம் முறை கோபம் வரும். எனக்கு மூன்றாம் முறையும் கோபம்தான் வந்தது. மனுஷர்களைப் புரிந்துகொள்வதில் நான் கொஞ்சம் மந்தம்.

அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டில் வேலை செய்கிற ஷெஃபாலி. தினமும் காலையில் தெற்கேயிருந்து கல்கத்தாவுக்கு வரும் லோக்கல் ரயிலில் பாலிகஞ்சில் இறங்கி, லேக் மார்க்கெட்டில் எங்கள் வீடு உட்பட மூன்று வீடுகளில் வேலை பார்த்துவிட்டுப் போகிறவள். போன வருஷம் அவளுடைய அப்பா இறந்தார். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. காரியம் முடிந்த கையோடு அப்பாவின் தம்பி ஊர்நடுவில் நின்று, "இவள் என் அண்ணன் மகளே இல்லை" என்று சொல்லிவிட்டார். அண்ணி தாய்வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையோடு திரும்பிவந்தாள், அது யார் குழந்தையோ, யார் கண்டது என்றாராம். அப்பா விட்டுப்போன தகரக்கூரை வீடும் ஒரு துண்டு நிலமும்தான் விஷயம். ஆனால் ஷெஃபாலி வீட்டுக்காக அழவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "பௌதி, நாற்பது வயசுல என்னை அப்பன் பேர் தெரியாதவளாக்கிட்டாங்க" என்று அழுதாள். பௌதி என்றால் அண்ணி. இந்த ஊரில் வேலைக்கு வரும் பெண்கள் எங்களைக் கூப்பிடுகிற முறை.

அவளிடம் அடையாள அட்டைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் புருஷன் பெயர். பிறந்த நாள் ஜனவரி ஒன்று. "எங்க தெருவுல பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணுதான் பௌதி" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் போனாள், அந்தப் பள்ளிக்கூடத்தையே ஆறு கொண்டுபோய்விட்டது. இன்னாருக்கு இன்னாள் பிறந்தாள் என்று சொல்ல ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரிக்குத்தான் மாமா ஆயுசு முழுக்க அலைந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமா கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். வங்காளம் பேசினால் தமிழர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெற்கே ஆறும் உப்பங்கழியும் பின்னிக்கிடக்கிற ஒரு வட்டாரத்தில் அரசாங்க சானிட்டரி இன்ஸ்பெக்டர். கிணற்றுக்கு மருந்து போடுவது, காலரா ஊசி, இதெல்லாம் வேலை. அதோடு பிறப்பு இறப்புப் பதிவேடும் அவர் தலையில். மற்ற இன்ஸ்பெக்டர்கள் பதிவேட்டை மேஜையில் விரித்துவைத்துவிட்டு, வருகிறவன் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்களாம். இவர் அதை ரெக்சின் துணியில் சுற்றிக் கான்வாஸ் பையில் போட்டு, குடையும் கையுமாகப் படகேறிவிடுவார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினால் கிராமத்துக் குழந்தைகள், "ஜொன்மோ-ம்ரித்யு பாபு வந்தாச்சு!" என்று கத்தும். பிறப்பு-இறப்பு பாபு. அந்தப் பெயரில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"ஏன்னா, வேற பேரே கெடைக்கலையாமா? எமதர்மராஜனோட குமாஸ்தா மாதிரி இருக்கு" என்று மாமி சீண்டுவாள்.

"அவன் போறதை மட்டுந்தான் எழுதறான். நான் வரதையும் எழுதறேன்" என்பார்.

அலுவலகத்து அலமாரியில் அவருக்கும் முந்தைய காலத்துப் பழைய ஏடுகள் கிடந்தன. அப்போதெல்லாம் ஊர்க் காவலாளியான சௌகிதார், வாரத்துக்கு ஒருநாள் போலீஸ் தாணாவுக்கு நடந்துபோய், இந்த வாரம் யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று ஞாபகத்திலிருந்து ஒப்பிக்க, அங்கே எழுதிக்கொள்வார்கள். மாமாவுக்கு அந்த ஏடுகள் மேல் மரியாதையும் உண்டு, ஆத்திரமும் உண்டு. எழுத்துவாசனையில்லாத மனுஷன், ஒரு வாரத்து ஜனன மரணத்தைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் மைல்கணக்காக நடந்தானே என்று மரியாதை. அவன் சொன்னதை எழுதினவன் அரைகுறையாக எழுதினானே என்று ஆத்திரம். "காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கான். பக்கத்தைப் புரட்டினா ஜுரம், ஜுரம், ஜுரம். பாம்பு கடிச்சவனுக்கும் ஜுரம், தண்ணில போனவனுக்கும் ஜுரம். பொறந்த குழந்தைக்குப் பேர் கிடையாது, அம்மாவுக்குப் பேர் கிடையாது. இன்னாருக்கு ஒரு பெண். அவ்வளவுதான். அவ யாருடா? அவளை எப்படிடா தேடறது?" என்று நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன குமாஸ்தாவோடு எங்கள் மாடிப்படியில் நின்று சண்டை போடுவார்.

அவர் கேள்வி கேட்கிற தினுசே தனி. தேதி தெரியாது என்று கிராமத்துப் பெண்கள் சொன்னால் விட்டுவிடமாட்டார். "தேதி வேண்டாம். மருத்துவச்சி படகுல வந்தப்போ தண்ணி ஏறிண்டிருந்ததா, வடிஞ்சிண்டிருந்ததா?" என்று கேட்பார். அந்தப் பக்கத்து ஆறுகளில் கடல்தண்ணீர் சந்திரன் கணக்கில் தினமும் ஏறி இறங்கும். எந்த நாள் என்று மறந்தாலும், மருத்துவச்சி சேற்றில் நடந்து வந்தாளா, படகு வாசல்வரை வந்ததா என்பதை எந்தத் தாயும் மறக்கமாட்டாள். அதோடு அன்று சந்தை உண்டா இல்லையா என்று கேட்பார். வீட்டுக்கு வந்து, தண்ணீர் ஏறிய வேளையையும் சந்தைநாளையும் நம்மூர்ப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுத் திதியைப் பிடித்து, தேதியைப் பிடித்துவிடுவார். மறுபடி போய் அந்தத் தாயிடம் சொல்லி, அவள் தலையாட்டின பிறகுதான் பேனாவைத் திறப்பார். ஜனவரி ஒன்று என்று அவர் கையால் எழுதின குழந்தை உண்மையிலேயே ஜனவரி ஒன்றில் பிறந்த குழந்தையாகத்தான் இருக்கும்.

அவருக்கு ஒரு கட்சி உண்டு. எழுதப்படாமல் போகிறவை பெரும்பாலும் தலைச்சன் குழந்தைகள்தான் என்பார். தலைப்பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில். அது நமக்கும் வங்காளிகளுக்கும் ஒரே வழக்கம். "பெண் வீட்டுக்காரா நெனைச்சுப்பா, குழந்தை அவாத்துக் குழந்தை, அவா எழுதிப்பான்னு. பிள்ளை வீட்டுக்காரா நெனைச்சுப்பா, பொறந்தது அங்கேதானே, அவா எழுதியிருப்பான்னு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல குழந்தை தொப்புனு விழுந்துடும்" என்று கையை விரித்துக் காட்டுவார். இரண்டாவது குழந்தைக்கு இந்த வம்பில்லை, அது அப்பா வீட்டிலேயே பிறந்து எழுதப்பட்டுவிடும். ஆசை ஆசையாய்க் கொண்டாடிய முதல் குழந்தை மட்டும் எந்த ஏட்டிலும் இருக்காது.

இதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நம் வளைகாப்பு மாதிரி இங்கே 'சாத்' என்று ஒன்று செய்வார்கள். கர்ப்பிணிக்கு ஆசைப்பட்டதையெல்லாம் சமைத்துப் போடுவார்கள். எந்தக் கிராமத்தில் சாத் என்று தெரிந்தாலும் மாமா கூப்பிடாமலே போய் நிற்பார். பாயசத்தைக் குடித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். எத்தனை மாதம், எந்த ஊர்ப் பெண், தலைச்சனா, மாப்பிள்ளை எந்த ஊர். நோட்டு முழுக்கத் தமிழில். கணக்காக, குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் மறுபடி போவார். அங்கேதான் அவருடைய பிடிவாதம். தாய்வீட்டில் பிறந்த குழந்தைக்கு, அப்பா வீட்டுப் பக்கத்திலிருந்து யாராவது வந்து தகவல் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாட்டனே சொல்லலாம். ஆனால் இவர், குழந்தையைப் பார்க்க அக்கரையிலிருந்து பெண்ணின் மாமனாரோ கொழுந்தனோ வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, படகுத்துறையிலேயே பிடித்துவிடுவார். "ரெண்டு வீடும் ஒரே வரியில வந்துடணும். அப்புறம் எவனும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லப்படாது."

எல்லோரும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைக்கவேண்டாம். பிறக்காத பிள்ளையை எண்ணுகிறான், கண்பட்டுவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. ஒரு மாமியார்க்காரி பாத்திரம் கழுவின தண்ணீரை வீசி ஊற்றினாளாம். மாமா நனைந்த சட்டையோடு எதிர்ச்சாரியில் போய் நின்று, "பிறந்த பிறகே வரேன் மாஷிமா" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடி, பிறந்த பிறகு மறுபடி போனார். சட்டையில் மஞ்சள் கறை போகவில்லை என்று மாமி ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தாள்.

நானும் அவரிடம் மாட்டினேன். என் பெண் பிறந்தது மாயவரம் பக்கத்தில் என் அப்பாவின் கிராமத்தில். ஊர் நர்ஸம்மா வீட்டிலேயே பிரசவம். பதினோராம் நாள் பெயர் வைத்து, தொட்டில் போட்டு, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டார் அப்பா. இங்கே கல்கத்தாவில் என் வீட்டுக்காரர் லேக் மார்க்கெட் முழுக்க இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். பதினெட்டாம் நாள் மாமா மாடியிலிருந்து இறங்கிவந்து கேட்டார். "எழுதியாச்சா?"

"அங்கே எழுதியிருப்பா மாமா" என்றாராம் இவர்.

மாமா இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். அப்பா வீட்டில் ஃபோன் கிடையாது. பக்கத்து வீட்டு ஃபோனுக்கு ஓடிவந்த அப்பாவிடம், "எழுதியாச்சா ஓய்?" என்றிருக்கிறார். அப்பா, "அது அவாத்துக் குழந்தை, மாப்பிள்ளை எழுதிப்பார்" என்றார். மாமாவுக்கு வந்ததே கோபம்! "மாப்பிள்ளை என்ன அங்கே வந்து பெத்தாரா? இருபத்தோரு நாள்தான் ஓய் கெடு. இன்னிக்குப் பதினெட்டு. நாளைக்குக் காலம்பற கிராம அதிகாரி ஆபீஸ்ல நில்லும்" என்று போட்டார் ஒரு போடு. அப்பா மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எழுதிவிட்டுத்தான் காப்பி குடித்தார். அதற்கப்புறம் அவர் கல்கத்தா வரும்போதெல்லாம், "யாருடி அந்த மனுஷன், என்னைப் போலீஸ்காரன் மாதிரி விரட்டினான்" என்று கேட்பார். பார்த்ததும் இரண்டுபேரும் ஒட்டிக்கொண்டது வேறு கதை.

என் மாமனார் இறந்த அன்றுதான் எனக்கு மாமாமேல் நிஜமாகவே வெறுப்பு வந்தது. கூடத்தில் உடல் கிடக்கிறது. மாமியார் சுவரில் தலையை மோதிக்கொள்கிறாள். மாமா என் பக்கத்தில் வந்து குனிந்து, "அவரோட அப்பா பேரு முழுசா என்ன? இனிஷியல் மட்டும் போதாது" என்கிறார்.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்கோளேன்!" என்று கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

"சும்மாத்தான் இருக்கேன். நீ பேரை மட்டும் சொல்லு" என்றார், முகம் மாறாமல்.

சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மாமியாரின் பெயரைக்கூட அவர் எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்த்தார். பின்னால் அந்தக் காகிதத்தை எத்தனையோ இடங்களில் நீட்டவேண்டியிருந்தது, ஓரிடத்திலும் பெயர் தப்பு, எழுத்து தப்பு என்று எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. அப்போதும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இவ்வளவு வேகம் ஒரு மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. சொந்தத்தில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கும், அதுதான் இப்படி என்று ஊகிப்பார்கள். நான் மாமியிடமே கேட்டுவிட்டேன். "ஒண்ணும் கெடையாதுடி. வேலைன்னு கொடுத்தா, செஞ்சார். அவ்வளவுதான்" என்றாள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு துக்கக் கதை இருந்தே ஆகவேண்டுமா என்ன? ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் அதை முழுக்கச் செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

ஊரார் பிறந்தநாளெல்லாம் தெரிந்தவருக்கு மாமியின் பிறந்தநாள் மட்டும் தெரியாது. மாமி அதைச் சொல்லிக் காட்டினால், "உன்னை எவனும் எழுதலையே, நான் எதை நம்பறது?" என்பார். மாமியும் தலைச்சன்தான்.

அவர் போனது ஒரு மத்தியான வேளை, ஆஸ்பத்திரியில். தகனம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது மாமி நகரமாட்டேன் என்கிறாள். கையைப் பிடித்து எழுப்பினோம். என்னை நிமிர்ந்து பார்த்து, "எழுதியாச்சா?" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதோம். மயானத்துப் பதிவு ஜன்னலுக்குப் போய் நான்தான் தகவல் சொல்பவராகக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய அப்பா பெயரை முழுசாக எழுதினேன், இனிஷியல் இல்லாமல்.

இப்போது ஷெஃபாலி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் ஊர் எது என்று கேட்டேன். சொன்னாள். மாமா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஊர்களில் ஒன்று. "நீ தலைச்சனா?" என்றேன். "ஆமா, ஒரே பொண்ணு." தாத்தா வீட்டில்தானே பிறந்தாய்? ஆமாம். அப்பா வீடு? ஆற்றுக்கு அக்கரை, வேறு வட்டாரம்.

தாத்தா ஊர் வட்டார அலுவலகத்தில் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். வருஷம் தெரியாமல் எப்படித் தேடுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் அவர்கள்மேல் தப்பில்லை. அட்டையில் இருக்கிற ஜனவரி ஒன்றை வைத்துத் தேடி, இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஷெஃபாலிக்குத் தெரிந்ததெல்லாம், பெரிய வெள்ளம் வந்து வடிந்த பிறகு தான் பிறந்தது என்று அம்மா சொன்னது மட்டும்.

மாடியேறிப் போனேன். மாமிக்கு எண்பத்துமூன்று வயது. விஷயத்தைச் சொன்னதும், "பரண்மேல டிரங்குப் பெட்டி இருக்கு, இறக்கு" என்றாள். பெட்டி நிறையச் சின்னச் சின்ன நோட்டுகள், வேட்டிக்கிழிசலில் கட்டுக்கட்டாக. "தூக்கிப் போடத்தான் நெனைச்சேன். சட்டையை எடுத்துப் போடறதுக்கு மனசு வந்தது, இதுக்கு வரலை" என்றாள். மாமிக்குக் கண் சரியில்லை. நாலு மத்தியானம் தரையில் உட்கார்ந்து நான் உரக்கப் படிக்க, அவள் கேட்டாள். வங்காளி ஊர்ப் பெயர்கள், வங்காளிப் பெண்களின் பெயர்கள், எல்லாம் மாமாவின் குண்டு குண்டான தமிழ் எழுத்தில். கல்கத்தாவில் அதைப் படிக்க எங்கள் இருவரைவிட்டால் ஆளில்லை. பதினோராவது நோட்டில் இருந்தது. ஷெஃபாலியின் தாத்தா பெயர். 'சாத் ஆச்சு. பெண் அக்கரையிலிருந்து வந்திருக்கிறாள். தலைச்சன். பாயசம் நன்றாயிருந்தது.' பத்துப் பக்கம் தள்ளி, வேறு மையில்: 'பெண் குழந்தை. புதன். தண்ணீர் ஏறும்போது. எழுதியாச்சு.' கீழே தேதியும் பதிவேட்டு வரிசை எண்ணும்.

"எழுதியாச்சு" என்று மாமி ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மாடிப்படியில் நின்றுகொண்டே ஷெஃபாலிக்கு ஃபோன் செய்தேன்.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, இரண்டு தரப்பும் ஒரே நாளில் அலுவலகத்துக்குப் போவது, ஏட்டில் இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது என்று ஆயிற்று. நானும் கூடப் போனேன். சித்தப்பாக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். ஒல்லியான மனுஷர். ஷெஃபாலி சித்தப்பாவை வங்காள முறையில் "காகா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். தாத்தா வீட்டில் யாராவது எழுதியிருந்தால்தான் என்ன, பாட்டன் தன் பெண்ணுக்கு ஏற்றமாதிரி எழுதியிருப்பான் என்று பக்கத்திலிருந்தவரிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து அலுவலகத்துப் பெண் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நான் சொன்ன எண்ணை விரலால் தேடினாள். மாமா எழுதியிருப்பார் என்று தெரியும், பூச்சி எதை விட்டுவைத்திருக்கும் என்று தெரியாது.

"இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

வங்காளத்தில் ஒவ்வொன்றாக வாசித்தாள். பெண் குழந்தை. அப்பா பெயர். ஷெஃபாலி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா பெயர். பிறந்த இடம். "தகவல் சொன்னவர்" என்று தொடங்கி ஒரு பெயரை வாசித்துவிட்டு நிறுத்தினாள். "இது யாரு?"

அது சித்தப்பாவின் பெயர்.

அந்தப் பெண் ஏட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவர் எழுந்துவந்து மேஜையில் கையூன்றிக் குனிந்தார். கோணல்மாணலாக நாலு எழுத்துக் கையெழுத்து, பேனா அழுத்தின இடத்தில் காகிதம் கொஞ்சம் கிழிந்திருந்தது. நான் சண்டைக்குத் தயாராகவே நின்றேன். இது என் கையெழுத்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், மாமாவின் நோட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டிவிடுவது என்று பையைத் திறந்துவைத்திருந்தேன். அவர் அந்தக் கிழிசலை விரலால் தடவினார்.

"குடை வச்சிருந்தார்" என்றார் கடைசியில்.

அவரே சொல்லிக்கொண்டு போனார். "ரசகுல்லா பானையைக் கொடுத்துட்டுத் திரும்பறேன். படகுத்துறையில பிடிச்சுக்கிட்டார். படகு போயிடும் பாபுன்னேன். அடுத்த படகு வரும்னார். ரேகை வைக்கறியான்னு கேட்டார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னேன். அப்படியா, போடு போடுன்னு அவரோட பேனாவையே கொடுத்தார். சர்க்கார் ஏட்டுல நான் போட்ட மொதல் கையெழுத்து அது. வீட்டுக்குப் போய் அண்ணன்கிட்ட அதைத்தான் மொதல்ல சொன்னேன்."

"இன்னும் ஒரு கட்டம் இருக்கு" என்றாள் அந்தப் பெண். குறிப்பு என்று ஒரு கடைசிக் கட்டம், யாரும் நிரப்புவதில்லை, மேல் வரியிலும் கீழ் வரியிலும் காலியாகத்தான் இருக்கிறது என்றாள். புரட்டிப் பார்த்தோம், மாமாவும் எல்லா வரியிலும் அதை நிரப்பியிருக்கவில்லைதான். தலைச்சன் வரிகளில் மட்டும் நிரப்பியிருந்தார். அவள் அதை வாசித்தாள். "தகவல் சொன்னவர் தந்தையின் தம்பி. குழந்தையின் முகம் பார்த்துவிட்டு வந்தார்."

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். "வீட்டுல ஆளாளுக்குச் சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு முதல்முறையாக ஷெஃபாலியை நேராகப் பார்த்தார். "காது எங்க வீட்டுக் காது. அன்னிக்கே அண்ணிகிட்ட சொன்னேன், மா."

இந்த ஊரில் அண்ணன் மகளை மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஷெஃபாலி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

திரும்புகிற ரயிலில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கடைசிக் கட்டத்தை நான் வரிமாறாமல் மாமாவின் நோட்டுப் பின்னட்டையில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பார்ட்மெண்டில் இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டு, எங்கள் மாடிவீட்டு மாமா எழுதினது என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. "ஒரு தடவை படி பௌதி" என்றாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள். பாலிகஞ்ச் வருவதற்குள் நாலு தடவை கேட்டாள். நாலாவது தடவை நான் நோட்டைத் திறக்குமுன்னே அவளே சொல்லிவிட்டாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு: "முகம் பார்த்துவிட்டு வந்தார்."